வருவதும் செய்வதும்: வலிப்பு நோயும் இல்லற வன்முறையும் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு சமுதாயத்தின் அறநோக்கினை அது போற்றும் நூல்களிலும் பார்க்க, அது அன்றாடம் பேசும் பேச்சிலேயே தெளிவாகக் கண்டுகொள்ளலாம். நாம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை நூல்கள் கூறும். நாம் எவ்வாறு இருக்கிறோம் என்பது பேச்சிலே நம்மை அறியாமல் வெளிப்பட்டுவிடும். இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாக அமைந்தவை எமது ஊரில், ஒரு வீட்டைப் பற்றி, ஒரே நாளிற் பேசப்பட்ட இரண்டு வாக்கியங்களாகும்.

அவ்வீட்டுப் பெண்ணுக்குச் சிறு பராயத்திலிருந்தே வலிப்பு நோய் இருந்தது. பெண் பார்க்க வந்தோரிடம் அது சொல்லப்படவில்லை. மணமான பின்னர் அவள் குளிசைகளை மறைத்து வைத்து விழுங்கினாள். மறைக்க இயலாத நாட்களில் விழுங்காது விட்டாள். ஒருநாள் அடுப்படியில் வலிப்புக் கண்டு விழுந்தாள். அன்றுதொட்டு அவ்வீட்டில் ஏச்சும் அடியும் தொடங்கின. ஒருமுறை அவளது தலை சுவருடன் மோதப்பட்டது. சத்தங்கேட்டு அயலவர் கூடினர். கணவனைப் பற்றி ஒருவர் சொன்னார்: "அவனுக்குக் கோபம் வந்திட்டுது, கை நீண்டுபோச்சு." மனைவியைப் பற்றி மற்றொருவர் சொன்னார்: "அவள் வேணுமெண்டு வலிப்பை வரவழைக்கிறாள்."

இவ்விரு வாக்கியங்களையும் இலக்கணம் பயிலும் மாணவன் ஒருவன் நோக்குவானாயின் வியப்புக்குரிய ஒன்றைக் காண்பான். முதலாவதில் எழுவாயாக நிற்பவை கோபமும் கையுமே. அடித்த மனிதன் நான்காம் வேற்றுமை உருபேற்று, கோபம் வந்து சேரும் இடமாக மட்டும் நிற்கிறான். இரண்டாவதிலோ அப்பெண் எழுவாயாக நிற்கிறாள். 'வேணுமெண்டு' என்னும் சொல் அவளுக்கு ஒரு நோக்கத்தையும் கற்பித்துவிடுகிறது. ஆக, செய்தவன் செயலினின்று நீக்கப்பட்டுள்ளான்; செய்யாதவள் செயலுக்கு உரியவளாக்கப்பட்டுள்ளாள். அடி ஒரு நோய்போலப் பேசப்படுகிறது. நோய் ஒரு குற்றம்போலப் பேசப்படுகிறது. வலிப்பு நோயுற்ற பெண் இல்லறத்தில் அனுபவிக்கும் கொடுமையின் அறவியல் வேர் இந்த இடமாற்றத்திலேயே உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மனிதன் வாழ்வில் அவனுக்கு நிகழ்வன சில. அவன் செய்வன சில. இவ்விரண்டையும் பிரித்தறிவதிலிருந்தே அறவியல் தொடங்குகிறது. கிரேக்க மெய்யியலாளராகிய அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் மூன்றாம் நூலில் இப்பாகுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். தானே விரும்பிச் செய்த செயலுக்கே புகழும் பழியும் உரியன என்றும், விருப்பின்றி நிகழ்ந்தவை மன்னிப்புக்கும் சிலவேளை இரக்கத்துக்கும் உரியன என்றும் அவர் கொண்டார். சினத்தாற் செய்யப்பட்டவற்றை விருப்பின்றி நிகழ்ந்தவை எனக் கூறுதல் பொருந்தாது என்றும் அவர் அங்கே சுட்டினார். மதுவெறியிற் செய்த குற்றத்துக்கு இருமடங்கு தண்டனை விதித்த சட்டத்தையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். குடிக்காதிருத்தல் அவனது கையிலேயே இருந்தது என்பது அதற்குரிய நியாயமாகும். எமது ஊர்களில் குடி ஒரு சமாதானமாகக் கூறப்படுகிறது. "வெறியில அடிச்சுப்போட்டான்" என்னும் பேச்சைக் கேட்கும்போது, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நிராகரிக்கப்பட்ட ஒரு வாதத்தை நாம் இன்னும் ஏற்றுக்கொண்டிருப்பது புலப்படும்.

இனி, வலிப்பு என்பது யாது? மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று மின்சைகைகளால் தொடர்பு கொள்கின்றன. ஒரு தொகுதிக் கலங்கள் ஒரே வேளையில் வரம்பு மீறி மின்னோட்டத்தை வெளியிடும்போது வலிப்பு ஏற்படுகிறது. இத்தகைய வலிப்பு மீண்டும் மீண்டும் ஏற்படும் இயல்பே வலிப்பு நோயாகும். உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்கின்றனர் என உலக சுகாதார தாபனம் கணித்துள்ளது. உரிய மருந்து உரிய முறையிற் கிடைப்பின், அவர்களில் 70 வீதமானோர் வரை வலிப்பின்றி வாழலாம் எனவும் அத்தாபனம் கூறுகிறது. இது பேயன்று, செய்வினையன்று, முற்பிறப்புத் தண்டனையுமன்று. கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியளவில் எழுந்த ஹிப்போக்கிரட்டீஸ் மரபு நூலொன்று, 'புனித நோய்' எனப்பட்ட இது ஏனைய நோய்களிலும் பார்க்கத் தெய்வத்தன்மை வாய்ந்ததன்று எனவும், மூளையிலிருந்தே பிறக்கிறது எனவும் வாதிட்டது. ஆயினும் இன்றும் வலிப்புக் கண்டவளின் கையில் இரும்பைத் திணிப்பவர் பலர். அவளை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, வாயில் எதையும் வையாது, வலிப்பு ஓயும்வரை அருகில் இருப்பவர் சிலரே.

இந்நோய்க்கும் இல்லற வன்முறைக்கும் உள்ள தொடர்பு ஒருவழிப் பாதையன்று. முதலாவதாக, அடி நோயை உண்டாக்க வல்லது. தலை சுவருடன் மோதும்போது மூளை மண்டையோட்டின் உட்புறத்தில் மோதிச் சிதைவுறுகிறது. அச்சிதைவின் வடு, மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழிந்த பின்னரும் வலிப்பின் ஊற்றாக மாறலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தலையிற் காயமுற்ற 4,541 பேரைப் பற்றி 1998இல் வெளிவந்த ஆய்வொன்று, காயத்தின் பின்னரான 30 ஆண்டுகளுள் வலிப்புத் தோன்றும் வாய்ப்பினை இலேசான காயமுற்றோரில் 2.1 வீதமாகவும், நடுத்தரக் காயமுற்றோரில் 4.2 வீதமாகவும், கடுங்காயமுற்றோரில் 16.7 வீதமாகவும் கணித்தது. கழுத்தை நெரித்தலும் அவ்வாறே; ஒட்சிசன் இன்றித் தவிக்கும் மூளை நிலையான ஊறுபாட்டை அடையலாம். அடித்த கை அன்றே மறந்துவிடும். அடிபட்ட மூளை மறப்பதில்லை.

இரண்டாவதாக, ஏற்கெனவே உள்ள நோயை வன்முறை பெருக்குகிறது. உறக்கமின்மை, மன அழுத்தம், மருந்து தவறுதல் ஆகிய மூன்றும் வலிப்பைத் தூண்டுவன என்பதை வைத்தியர்கள் நன்கறிவர். அச்சம் நிறைந்த வீட்டில் இம்மூன்றும் ஒருங்கே குடியிருக்கின்றன. கிளினிக்குக்குச் செல்லக் காசு மறுக்கப்படுவதும், குளிசைகள் எறியப்படுவதும் கையால் அடிப்பதற்குக் குறைந்த கொடுமைகளல்ல. திடீரென மருந்தை நிறுத்துவது ஓயாது தொடரும் வலிப்புக்கு இட்டுச்சென்று உயிரையே பறிக்கவுங்கூடும்.

மூன்றாவதாக, நோயே வன்முறைக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. அதனிலும் கொடிதாக, வன்முறையை மறைக்கும் திரையாகவும் அது பயன்படுகிறது. வலிப்பு நோயாளி விழுந்து காயப்படுவது வழமை. ஆகவே, நெற்றியிற் பிளவோடு வருபவளை நோக்கி, "வலிப்பு வந்து விழுந்தவள்" என உடன்வந்தோர் கூறின் ஐயுறுவோர் குறைவு. அவளும் தலையசைப்பாள். வீடு திரும்பவேண்டியவள் அவளல்லவா? இங்கு நோய் குற்றவாளியின் சாட்சியாக மாறிவிடுகிறது.

இவ்வாறு நோயிலிருந்து அடியும், அடியிலிருந்து நோயுமாக ஒரு வட்டம் சுழல்கிறது. வட்டத்துக்குத் தொடக்கம் ஏது, யாரைக் குறை கூறுவது என வினவுவோர் உளர். காரணங்கள் வட்டமாகச் சுழலலாம். பொறுப்பு அவ்வாறு சுழல்வதில்லை. இவ்வட்டத்தில் நரம்புக் கலம் உண்டு, வறுமை உண்டு, அறியாமை உண்டு. ஆயின், வேறு விதமாகவும் நடந்திருக்கக்கூடிய மனித விருப்பு என்பது ஓங்கிய கையிலேதான் உண்டு. அந்த ஓரிடத்திற் சுழற்சியை நிறுத்துதல் இயலும். எங்கே நிறுத்த இயலுமோ அங்கேயே பொறுப்பும் உளது.

"அவனால் தன்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை" என்பது உண்மையா என்பதையும் நாம் சோதித்துப் பார்த்தல் வேண்டும். வலிப்பு இடம் பார்த்து வருவதில்லை. அது கிணற்றடியில் வரும், பேருந்தில் வரும், கோயில் வீதியில், ஊரார் முன்னிலையில் வரும். வரக்கூடாத இடத்தில் வருவதே அதன் கொடுமை. கோபமோ இடம் பார்க்கிறது. காலையில் மேலதிகாரி ஏசியபோது அதே மனிதனின் கை நீளவில்லை. கடன் கொடுத்தவன் வாசலில் நின்று இழித்துரைத்தபோதும் நீளவில்லை. திருப்பி அடிக்க இயலாதவள் முன்னிலையில் மட்டுமே அது நீண்டது. ஆளறிந்து, இடமறிந்து, கதவு சாத்தியிருப்பதறிந்து வருகின்ற ஒன்றை வலிப்போடு ஒப்பிடல் எங்ஙனம்? சினம் எடுபடக்கூடிய இடத்தில் அதனை அடக்குபவனே உண்மையிற் சினத்தை அடக்கியவன் என்னும் கருத்துடனேயே வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்குகிறார். எடுபடாத இடத்தில் அடங்குவது அறமன்று. அது வெறுங் கணக்கு.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். சில பெண்களுக்கு வலிப்பும் ஆளறிந்தே வருகின்றதே; கணவன் உரத்துப் பேசும்போதும் மாமியார் ஏசும்போதும் அவர்கள் விழுகின்றனரே; மூளையின் மின்னோட்டப் பதிவிலும் அவ்வேளை மாற்றம் எதுவும் காணப்படுவதில்லையே; இது நடிப்பன்றோ என்பது அத்தடை. இதனை எளிதில் ஒதுக்குதல் நேர்மையாகாது. வலிப்பு நோயைப் போன்று தோன்றி, ஆனால் மூளையின் மின்குழப்பத்தால் ஏற்படாத வலிப்புகள் உள்ளமை உண்மையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் வைத்தியசாலையில் சார்க்கோ என்னும் நரம்பியலாளர் இத்தகைய நோயாளரை ஆராய்ந்து புகழ்பெற்றார். இன்றைய மருத்துவம் இவற்றை நடிப்பு எனக் கொள்வதில்லை. இவை நோயாளியின் விருப்பின்றியே நிகழ்கின்றன. இவர்களிற் பெரும்பாலோர் பெண்கள் என்பதும், இவர்களுட் பலரது வாழ்க்கையில் உடல் வன்முறை, பாலியல் வன்முறை ஆகியவற்றின் வரலாறு உண்டு என்பதும் பல நாடுகளின் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளன. வாய் பேச முடியாத வீட்டில் உடல் பேசுகிறது எனலாம். ஒடுக்குபவன் முன்னிலையில் அவ்வலிப்பு வருமாயின், அது அவள் இடந்தேர்ந்து நடிப்பதற்குச் சான்றன்று. அவ்விடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கே சான்று. முன்னைய வகை வலிப்பில் அடி மூளையில் வடுவாகிறது. பின்னைய வகையில் அது உள்ளத்தில் வடுவாகிறது. இரண்டிலும் அவளுக்கு நிகழ்ந்ததேயன்றி அவள் செய்தது எதுவுமில்லை.

இரண்டாவது தடை இதனினும் வலியது. நோயை மறைத்து மணம் முடித்தது வஞ்சனையன்றோ? கணவனும் ஏமாற்றப்பட்டவனல்லவா? ஆம், உண்மையை அறியும் உரிமை அவனுக்கு உண்டு. மணம் என்பது நம்பிக்கையின்மேல் எழுவது. அந்நம்பிக்கை மீறப்பட்டதென அவன் வருந்துவதில் நியாயமுண்டு. ஆயின் மறைத்தவர் யார் என்பதையும் கேட்டல் வேண்டும். சாதகம் பார்த்தோர், சீதனம் பேசியோர், தரகர், பெற்றோர் ஆகிய அனைவரும் கூடி எடுத்த முடிவின் தண்டனையை அம்முடிவில் வாயே திறவாத ஒருத்தி ஏற்கிறாள். உண்மையைச் சொன்னால் எவரும் ஏற்கமாட்டார் என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, உண்மை சொல்லவில்லையே எனக் குற்றஞ்சாட்டும் சமுதாயத்துக்கும் அப்பொய்யிற் பங்குண்டு. கேரளத்தில் மணத்துக்கு முன்பே வலிப்புத் தோன்றியிருந்த பெண்களைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வொன்றில், பாதிக்கு மேற்பட்டோர் நோயை மறைத்தே மணம் புரிந்திருந்தனர். மறைத்தோரிடையே மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படாமையும் மணவாழ்வு முறிதலும் மிகுதியாகக் காணப்பட்டன. மறைத்தலே நோயை வெளிப்படுத்திவிடுகிறது என்பது இதன் துயரமான முரண்பாடு. யாவற்றுக்கும் மேலாக, ஏமாற்றப்பட்டவனுக்கு முறையிடும் உரிமை உண்டு. பிரிந்து செல்லும் உரிமையும் இருக்கலாம். அடிக்கும் உரிமை எங்கிருந்தும் வருவதில்லை. ஒருவர் எனக்குச் செய்த தவறு நான் அவருக்குச் செய்யும் கொடுமைக்கு அனுமதிப்பத்திரமாகாது.

நோயைக் குற்றமாகக் கண்டது பாமரர் பேச்சு மட்டுமன்று. சட்டங்களும் அவ்வாறே கண்டன. இங்கிலாந்தின் 1937ஆம் ஆண்டு மணவழக்குச் சட்டம், மணத்தின்போது ஒருவர் மீண்டும் மீண்டும் வலிப்புறுபவராக இருந்தமையை மணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களுள் ஒன்றாக்கியது. ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் பலவற்றில் வலிப்பு நோயாளர் மணம் புரியவே தடை இருந்தது. அவற்றுட் கடைசி மாநிலம் 1980இலேயே அத்தடையை நீக்கியது. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வலிப்பு நோய் சேர்க்கப்பட்டு, 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அவ்விருபத்து மூன்று ஆண்டுகளில் எத்தனை பெண்கள் ஒரு குளிசைப் பெட்டியைக் கண்டு அஞ்சி வாழ்ந்திருப்பர் என எண்ணிப் பார்த்தல் தகும்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறொரு நோக்கினைக் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றில் விண்ணப்பித்து, பன்னிரண்டு மாதங்கள் வரையிலான பாதுகாப்புக் கட்டளையைப் பெறலாம். அவர்சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். உடற்காயம் மட்டுமன்றி உளரீதியான கொடுமையும் வன்முறையுள் அடக்கப்பட்டது. 'ஏன் அடித்தான்' என்பதற்கு நோயைச் சமாதானமாகக் கேளாது, 'அடித்தானா' எனக் கேட்பதே இதன் சிறப்பு. எனினும், சட்டம் ஏட்டில் இருக்க வீடு வீடாகவே இருக்கிறது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த அனுபவமுள்ள பெண்களில் ஐவரில் ஒருவர், அதாவது 20.4 வீதமானோர், தம் வாழ்நாளில் அத்துணைவரால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருந்தனர். இவர்களுள் வலிப்பு நோயுற்றவள், அடியைச் சொன்னால் நோயும் வெளிப்படும் என்ற அச்சத்தால் இருமடங்கு மௌனியாகிறாள்.

எமது மரபு இதுபற்றி என்ன கூறுகிறது? நடராசரின் திருவடியின்கீழ் நெளிந்து கிடக்கும் குறளுருவை நாம் முயலகன் என்கிறோம். வடமொழியில் அவனுக்கு அபஸ்மாரன் என்று பெயர்; அபஸ்மாரம் என்பது ஆயுள்வேதத்தில் வலிப்பு நோயின் பெயருமாகும். சமயம் அவ்வுருவை அறியாமையின் குறியீடாகக் கொண்டது. ஆயின் பாமர உள்ளம் நோயாளியையே முயலகனாகக் கண்டு காலின்கீழ் வைத்துவிட்டது. இதற்கு மாறான ஒரு காட்சியைச் சேக்கிழார் காட்டுகிறார். கொல்லி மழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் வருந்தினாள். மருந்துகள் பயனற்றுப்போகவே, தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்து இறைவன் திருமுன் கிடத்தினான். அங்கு வந்த திருஞானசம்பந்தர் அவள்பொருட்டுப் பதிகம் பாடினார். அப்பதிகத்தில் அவர் வினவியதே நாம் கருதத்தக்கது. இப்பெண் என்ன பாவஞ் செய்தாள் என அவர் கேட்கவில்லை; இவள் எதை மறைத்தாள் எனவுங் கேட்கவில்லை. இம்மங்கையை இவ்வாறு வாடவிடுவது உமது பெருமைக்குத் தகுமோ என இறைவனையே பாட்டுக்குப் பாட்டு வினவினார். நோயுற்றவளை நோக்காது, வலியவனை நோக்கி எழுப்பப்பட்ட வினா அது. இறைவனிடமே கேட்கத்தக்கதாயிருந்த அவ்வினாவைக் கேவலம் ஒரு கணவனிடம் கேட்க நாம் தயங்குவது ஏன்?

ஆகவே செய்யவேண்டியவை பெரியவையல்ல. வலிப்பு நோயுள்ள பெண்ணின் காயத்தைக் காணும் வைத்தியர் அவளைத் தனிமையில் ஒருமுறை வினவுதல் வேண்டும். பெண் கொடுப்போர் நோயை மறையாது கூறவும், கொள்வோர் அதனைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும் பழகுதல் வேண்டும். அவசர உதவிக்கென மகளிர் விவகாரத்துக்குப் பொறுப்பான அமைச்சின் 1938 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டென்பதை அயலவர் அறிந்திருத்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம் எமது பேச்சைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். நான் அன்று அவ்வயலவர் கூட்டத்தில் நின்றிருந்தேன். இரண்டு வாக்கியங்களையும் கேட்டேன். மறுத்து ஒரு சொல்லும் கூறினேனில்லை. இலக்கணம் படித்தவனின் அம்மௌனமும் எனக்கு நிகழ்ந்ததன்று, நான் செய்ததே.

அன்று சொல்லியிருக்க வேண்டிய வாக்கியங்கள் மிக எளியவை. அவளுக்கு வலிப்பு வந்தது. அவன் அடித்தான்.